தேம் என்னும் ஒரு சொல்: இனிய மணத்தின் வரலாற்றில் ஹாலே நகரும் தமிழகமும்

முன்னுரை

உண்பொருளின் மணத்தை உடலில் பூசிக்கொள்ளும் வழக்கம் இன்றைய நறுமணத் தொழிலின் பெரும் போக்குகளுள் ஒன்று. வெனிலா, சாக்லேட், எரித்த சர்க்கரை, பஞ்சு மிட்டாய், பாதாம் பருப்பு ஆகியவற்றின் மணங்களைக் கொண்ட வாசனைத் திரவியங்களும் சவர்க்காரங்களும் மெழுகுதிரிகளும் உலகெங்கும் விற்பனையாகின்றன. இவ்வகைத் திரவியங்களைப் பிரெஞ்சு வழிவந்த 'குர்மாண்' என்ற சொல்லால் குறிப்பர். சுவையுணவில் நாட்டமுடையவர் என்பது அதன் பொருள். 1992ஆம் ஆண்டில் பாரிசில் தியெரி மூக்ளேர் நிறுவனம் வெளியிட்ட 'ஏஞ்சல்' என்னும் திரவியத்தோடு இவ்வகை பிறந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

அவ்வரலாறு பொய்யன்று, ஆயினும் குறுகியது. நாவுக்குரிய இனிமை மூக்குக்குரிய மணத்தோடு எவ்வாறு ஒன்றுபட்டது என்ற வினாவுக்கு ஒரு திரவியத்தின் வெளியீட்டு ஆண்டு விடையாகாது. இக்கட்டுரை அவ்வினாவை இரு இடங்களை இணைத்து ஆராய்கிறது. ஒன்று ஜெர்மனியின் ஸாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே நகரம். மற்றொன்று அந்நகரோடு 1706 முதல் கடிதத்தாலும் நூலாலும் மருந்தாலும் பிணைக்கப்பட்ட தமிழகம். ஹாலேயைத் தமிழியல் அறிஞர்கள் அச்சின் வரலாற்றிலும் மறைப்பணியின் வரலாற்றிலும் நன்கறிவர். இனிமையின் வரலாற்றிலும் அந்நகருக்கு ஓர் இடம் உண்டு என்பதும், அவ்வரலாற்றில் தமிழ் அறிவு எங்கே தடைப்பட்டது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

1. மூக்கு கற்கும் இனிமை

இனிப்பு என்பது நாவின் உணர்வு. சர்க்கரைக்குக் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. வெனிலாவுக்கு மணம் உண்டு. ஆனால் அதன் காயைத் தனியே கடித்தால் இனிப்பு இல்லை. எனினும் வெனிலாவை முகர்ந்தவர் 'இனிப்பாக இருக்கிறது' என்றே கூறுவர். இவ்வியப்பை 1990களில் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன்சன், பிரெஸ்காட், போக்ஸ் ஆகியோர் சோதனைகளால் ஆராய்ந்தனர். முன்பு அறிமுகமில்லாத ஒரு மணத்தைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துப் பலமுறை சுவைத்தவர்க்கு, பின்னர் அம்மணம் தனியே வந்தபோதும் இனிப்பாகத் தோன்றியது. புளிப்போடு சேர்ந்த மணம் புளிப்பாகத் தோன்றியது. எனவே மணத்தின் இனிமை பெரிதும் கற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. அதைக் கற்பிக்கும் பள்ளி சமையலறை.

இம்முடிவு வரலாற்றாய்வுக்கு ஒரு வாயிலைத் திறக்கிறது. ஒரு சமூகம் எந்த நறும்பொருளைச் சர்க்கரையோடு சேர்த்து உண்கிறதோ, அப்பொருளின் மணமே அச்சமூகத்துக்கு இனிப்பாக மணக்கும். இலவங்கப்பட்டை இதற்கு நல்ல சான்று. ஜெர்மானிய இல்லங்களில் அது கிறிஸ்து பிறப்புக் காலத்து மாச்சில்லுகளின் மணம். குழந்தைப் பருவத்தின் இனிப்பு மணம். தமிழர் சமையலில் அதே பட்டை இறைச்சிக் குழம்புக்கும் பிரியாணிக்கும் உரியது. முகர்ந்தவுடன் நினைவுக்கு வருவது காரமும் கொழுப்பும். தமிழருக்கு இனிப்பின் மணம் ஏலக்காயும் நெய்யும் வெல்லமும் சேர்ந்தது. கோயில் சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரமும் உடன் வரும். பட்டை இலங்கையில் விளைந்தது; அதன் மணத்துக்கு இனிப்பு என்ற பொருளைத் தந்தது ஐரோப்பிய அடுப்பு.

மணத்தின் விருப்பம் முழுவதும் பண்பாட்டால் ஆனது என்று இதனால் முடிவுகட்டுதல் கூடாது. 2022இல் அர்ஷாமியன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, வேட்டுவர், உழவர், நகரத்தார் எனப் பல்வேறு வாழ்முறையுடைய சமூகங்களில் மணங்களைத் தரவரிசைப்படுத்தச் செய்தது. வெனிலாவின் முதன்மை மணக்கூறான வெனிலின் பெரும்பாலோரால் மிக இனியதாகக் கொள்ளப்பட்டது. சமூகங்களுக்கிடையிலான வேறுபாட்டைவிடத் தனியாட்களுக்கிடையிலான வேறுபாடே மிகுதியாக இருந்தது. ஒரு மணம் விரும்பத்தக்கது என்பது வேறு; அது 'இனிப்பு' என்று பெயர்பெறுவது வேறு. முன்னது மனிதப் பொதுமைக்கு அண்மையது. பின்னது வரலாற்றுக்கு உரியது. இக்கட்டுரை பின்னதையே நாடுகிறது.

2. உப்பு நகரும் சர்க்கரையும்

ஹாலே உப்பால் எழுந்த நகரம். அதன் பெயரே உப்போடு தொடர்புடையதென்று கருதப்படுகிறது. உவர்நீர் ஊற்றுகளிலிருந்து நீரை இறைத்துக் காய்ச்சி உப்பெடுத்த தொழிலாளர் 'ஹலோரன்' எனப்பட்டனர். அவர்களுக்குத் தனிச் சகோதரத்துவமும் தனி விழாவுடையும் இருந்தன. அவ்வுடையின் வெள்ளிப் பொத்தான்களின் வடிவைத் தழுவி 1952இல் 'ஹலோரன் உருண்டை' என்னும் சாக்லேட் உருவாக்கப்பட்டது. அதைச் செய்யும் தொழிற்சாலையின் தொடக்கம் 1804இல் மீத்தே என்பவர் நிறுவிய இனிப்பகத்தில் உள்ளது. ஜெர்மனியில் இன்றும் இயங்கும் சாக்லேட் தொழிற்சாலைகளுள் இதுவே மிகப் பழையது என்பர். உப்புத் தொழிலாளரின் பொத்தான் இனிப்பாக மாறியமை அந்நகரின் பொருளியல் மாற்றத்தைச் சுருக்கமாகக் காட்டுகிறது.

அம்மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது சர்க்கரையின் வரலாறு. இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை உணவுப்பொருளாக அன்றி மருந்துக் கடைப் பொருளாகவே முதலில் அறிமுகமாயிற்று. ஏலம், கிராம்பு, சாதிக்காய், பட்டை ஆகியவை இருந்த தட்டிலேயே சர்க்கரையும் இருந்தது. நறும்பொருளைச் சர்க்கரைப் பாகில் இட்டுக் கொடுப்பதே பல மருந்துகளின் வடிவம். மணமும் இனிப்பும் ஐரோப்பிய மூக்கில் முதலில் கைகோத்த இடம் அந்த மருந்துக் கடை. அங்கே புழங்கிய சொற்களும் இந்தியாவை நோக்கியே திரும்புகின்றன. ஜெர்மானிய 'ட்சுக்கர்' என்பதன் மூலம் அரபு வழியே 'சர்க்கரை'யை அடைகிறது. 'காண்டிஸ்' என்பது நம் 'கற்கண்டு' என்ற சொல்லில் உள்ள 'கண்டு' என்பதற்கு உறவு.

கரும்பு விளையாத நாட்டில் இனிப்பு மலிவானமைக்கும் ஹாலேயோடு ஒரு தொடர்பு உண்டு. ஆந்திரெயாஸ் மார்கிராஃப் 1747இல் பெர்லினில் கிழங்குச் செடிகளிலிருந்து கரும்புச் சர்க்கரைக்கு ஒப்பான சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். அவர் முன்பு ஹாலேயில் மருத்துவம் பயின்றவர். அவருடைய மாணவர் அகார்ட் 1800களின் தொடக்கத்தில் சிலேசியாவில் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாலேயைச் சூழ்ந்த சாக்சனிச் சமவெளி ஜெர்மனியின் முதன்மையான சர்க்கரைக்கிழங்கு நிலமாயிற்று. அரசர்க்கும் நோயாளிக்கும் உரியதாயிருந்த சுவை அதன்பின் தொழிலாளர் வீட்டுக் குழந்தைக்கும் எட்டிற்று. குழந்தைப் பருவத்தின் மணம் இனிப்பின் மணமாக ஆவதற்கு இது இன்றியமையாத முன்நிலை.

3. 'இனிய சாரம்'

1695இல் அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஹாலேயை அடுத்த கிளவுகாவில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் அனாதை இல்லமாகவும் அச்சகமாகவும் நூற்கடையாகவும் மருந்தகமாகவும் விரிந்தது. மருந்தகத்தின் பெருமைக்குக் காரணமானவர் மருத்துவரும் பக்திப் பாடலாசிரியருமான கிறிஸ்தியான் ஃபிரீட்ரிக் ரிக்டர். 1701 அளவில் அவர் உருவாக்கிய மருந்து 'எசென்சியா டுல்சிஸ்', அதாவது 'இனிய சாரம்'. பொன்னிலிருந்து ஆக்கப்பட்டதெனச் சொல்லப்பட்ட அம்மருந்தின் செய்முறை மறைவாகக் காக்கப்பட்டது, விலையும் உயர்ந்தது. அதனோடு வேறு பல மருந்துகளும் சேர, அனாதை இல்லத்தின் மருந்து அனுப்பகம் ரஷ்யா முதல் வட அமெரிக்கா வரை வணிகம் செய்தது. 1742இல் பென்சில்வேனியா சென்ற ஹென்ரிக் மெல்கியோர் மூலன்பெர்க் ஹாலே மருந்துகளை அங்கே விநியோகித்தார். ரெனாத்தே வில்சன் 2000இல் வெளியிட்ட நூல் இவ்வணிகத்தை விரிவாக ஆராய்கிறது. கிடைத்த ஆதாயம் பிள்ளைகளின் கல்விக்கும் இல்லத்தின் பணிக்கும் சென்றது.

இங்கு நோக்கத்தக்கது மருந்தின் பெயர். பேதி, வாந்தி, குருதி வடித்தல் ஆகியன மருத்துவத்தின் அன்றாட வழிகளாயிருந்த காலம் அது. மருந்து என்றால் கசப்பு என்ற எண்ணம் தமிழுலகிலும் ஜெர்மானிய உலகிலும் ஒன்றே. அக்காலத்தில் ஒரு மருந்தை 'இனியது' என்று பெயரிட்டு அனுப்புதல் ஒரு வாக்குறுதி. உடலைத் துன்புறுத்தாமல் நலம் தரும் என்ற அவ்வாக்குறுதிதான், இன்று ஒரு நெற்றித்தைலமோ மெழுகுதிரியோ வெனிலாவின் பெயரால் 'ஆறுதல்' விற்கும்போதும் ஒலிக்கிறது.

ஹாலேப் பல்கலைக்கழகத்தில் அதே காலத்தில் மருத்துவப் பேராசிரியராயிருந்த ஃபிரீட்ரிக் ஹோஃப்மன் (1660–1742) நறுமண எண்ணெய்களை ஆராய்ந்தவர். அவர் பெயரால் வழங்கிய 'உயிர்த் தைலம்' நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. பிற்கால ஜெர்மன் மருந்து நெறிநூலில் காணப்படும் அதன் கலவையில் லாவெண்டர், கிராம்பு, பட்டை, எலுமிச்சை, சாதிபத்திரி, நாரத்தைப் பூ ஆகியவற்றின் எண்ணெய்களோடு பெரு பிசின் சாராயத்தில் கரைக்கப்பட்டுள்ளது. பெரு பிசினின் மணம் வெனிலாவை ஒத்தது. இன்றைய திரவிய வல்லுநர் ஒருவர் இப்பட்டியலைக் கண்டால் மருந்து என்று கருதமாட்டார். காரமும் இனிமையும் கலந்த கீழைத்தேய மணம் என்றே வகைப்படுத்துவார். பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பும் சாதிபத்திரியும் மொலுக்காஸ் தீவுகளிலிருந்தும் டச்சு வணிகத்தின் வழியே வந்தவை. ஹாலேயின் இனிய மணம் இந்துமாக்கடலின் மணமே.

4. சென்றதும் வந்ததும்

1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கால் அனுப்பப்பட்ட அவ்விருவரும் ஹாலேயில் பயின்றவர்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இரு ஊர்களுக்கும் இடையே பொருள்கள் சென்று வந்தன. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. மறைப்பணியாளரின் அறிக்கைகள் 1710 முதல் ஹாலேயில் தொடர்ந்து வெளிவந்தன. ஹாலே மருந்துகளும் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன.

எதிர்த்திசையிலும் அறிவு சென்றது. சீகன்பால்கு 1708இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியலை ஆக்கினார். அவருடைய துணைவர் கிரண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றிய ஒரு விவரணையை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். 1712க்கும் 1714க்கும் இடையே தமிழர்களிடம் வினாக்களை விடுத்துப் பெற்ற மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டன. அம்மடல்களில் ஐரோப்பியரின் உடல் தூய்மையைப் பற்றிய தமிழரின் குறைகூறல்களும் இடம்பெறுகின்றன. நாள்தோறும் நீராடுதலும் சந்தனம் பூசுதலும் ஒழுக்கத்தின் பகுதியெனக் கொண்ட சமூகம், பைபிள் ஏந்தி வந்தவரை மூக்காலும் மதிப்பிட்டது.

ஆயினும் இப்பரிமாற்றம் சமமானதன்று. மடல்கள் அச்சேறின. 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமரபு நூலோ 1867இல் சென்னையில்தான் அச்சுக் கண்டது. மறைப்பணியாளர் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை அகற்றவே அன்றி, அதன் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது ஃபிராங்கேயின் நிலைப்பாடு. கிரண்ட்லரின் மருத்துவ விவரணையும் கையெழுத்துப் படியாகவே தங்கியது. ஹாலேயின் 'இனிய சாரம்' அச்சிட்ட விளம்பர நூல்களோடு மூன்று கண்டங்களுக்குச் சென்றது; தமிழரின் மருந்தறிவும் மணவறிவும் அதே நிறுவனத்தின் பேழைக்குள் நின்றன. அனாதை இல்லத்தின் மேல்மாடத்தில் 1741 அளவில் ஒழுங்குபடுத்தப்பட்ட அரும்பொருட் கூடத்தில் இந்தியப் பொருள்கள் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டன. கண்ணுக்கு அவை காட்சியாயின. அவற்றின் மணம் கண்ணாடிக்குள் நின்றுவிட்டது.

5. தமிழில் இனிமையும் மணமும்

ஹாலே வார்த்த எழுத்துகள் அச்சிட்ட மொழி, இனிமையையும் மணத்தையும் எவ்வாறு நோக்கியது? இதற்கு அகராதியே முதற்சான்று. 'தேம்' என்ற சொல்லுக்கு இனிமை, வாசனை, தேன் என்ற மூன்று பொருள்களும் உண்டு. 'நறை' என்பதற்குத் தேன், கள், வாசனை, நறும்புகைப் பொருள் என்ற பொருள்கள் வழங்குகின்றன. ஒரே சொல் நாவுக்கும் மூக்குக்கும் உரியதாய் நிற்கிறது. இலத்தீனில் 'டுல்சிஸ்' முதன்மையாக நாவைச் சார்ந்தது. மணத்துக்கு 'சுவாவிஸ்' என்ற வேறு சொல் வழங்கிற்று. லூத்தரின் ஜெர்மன் விவிலியம் எபேசியர் மடலில் பலியின் மணத்துக்கு 'இனிப்பான' என்ற அடைமொழியைத் தருகிறது; 1710 முதல் ஹாலேயின் கான்ஸ்டைன் விவிலிய நிறுவனம் அவ்விவிலியத்தை மலிவு விலையில் பெருமளவில் அச்சிட்டுப் பரப்பியது. அதே இடத்தில் பிற்காலத் தமிழ் மொழிபெயர்ப்புகள் 'சுகந்த வாசனை' என்று வடசொற்களை நாடின. 'தேம்' என்ற ஒருசொல் மொழிக்குள் இருந்தும் மறைநூல் நடைக்குள் வரவில்லை.

இலக்கியச் சான்றும் இதனோடு இயைகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி, பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரால் கூந்தலைக் கழுவுகிறாள். அடியார்க்கு நல்லார் உரையில் வரும் ஓமாலிகைப் பட்டியலில் இலவங்கம், பச்சிலை, ஏலம், தக்கோலம், நன்னாரி, கத்தூரி ஆகியன இடம்பெறுகின்றன. இவற்றுள் ஏலமும் இலவங்கமும் தக்கோலமும் வாய்க்கும் உரியவை. தாம்பூலத்தோடு மெல்லப்படும் ஐவகை வாசத்திலும் இவை கூறப்படும். நன்னாரி இன்றும் கோடைக்காலப் பானம். கூந்தலில் கமழ்வதும் வாயில் கரைவதும் ஒரே பண்டம் என்பதில் அப்புலவர்க்கோ உரையாசிரியர்க்கோ வியப்பேதும் இல்லை. உண்பொருளின் மணத்தை உடலில் ஏற்றல் 1992இல் பாரிஸ் கண்ட புதுமை எனில், புகாரில் அது ஒரு பெண்ணின் நீராட்டு.

ஒரு வேறுபாட்டையும் இங்குக் குறித்தல் வேண்டும். மாதவியின் நீரில் துவர்ப்புப் பொருள்கள் பத்து முதலில் நிற்கின்றன; இனிய விரைகள் அவற்றின்மேல் ஏறுகின்றன. இனிமை தனித்து நிற்பதில்லை. இன்றைய மலிவான உணவுமணத் திரவியங்கள் பல விரைவில் திகட்டுவதற்குக் காரணம் இத்துவர்ப்பு இன்மையே எனலாம்.

6. வெனிலின் முதல் ஏஞ்சல் வரை

1868இல் இங்கிலாந்தில் பெர்க்கின் கூமரினைச் செயற்கையாக ஆக்கினார். 1874இல் ஜெர்மனியில் தீமனும் ஹார்மனும் ஊசியிலை மரச் சாற்றிலுள்ள கோனிஃபெரினிலிருந்து வெனிலினை ஆக்கினர். ஹார்மன் தம் சொந்த ஊரான ஹோல்ட்ஸ்மின்டனில் ஆலை தொடங்கினார். வெப்பநாட்டுக் கொடியொன்றின் காய்க்குள் இருந்த மணம் ஐரோப்பியக் காட்டு மரத்திலிருந்து கிடைத்தது. வெனிலின் மலிவானதும் மாச்சில்லும் சாக்லேட்டும் அதன் மணத்தை ஏற்றன. மலிந்த கிழங்குச் சர்க்கரையோடு அது ஒவ்வொரு குழந்தையின் நாவிலும் சேர்ந்தது. முதற்பகுதியில் கூறப்பட்ட சோதனை ஆய்வகத்தில் நிகழ்வதற்கு நூறாண்டுக்கு முன்பே, ஒரு கண்டம் முழுவதும் அது நிகழ்ந்துவிட்டது.

திரவியத் தொழில் இவ்விரு பொருள்களையும் உடன் ஏற்றது. 1889இல் கெர்லேன் நிறுவனத்தின் 'ஜிக்கி'யில் கூமரினும் வெனிலினும் இடம்பெற்றன. 1925இல் அதே நிறுவனம் வெனிலினைவிட வலிய எத்தில் வெனிலினைக் கொண்டு 'ஷாலிமார்' திரவியத்தை வெளியிட்டது. முகலாயர் தோட்டத்தின் பெயரே அதன் பெயர். இனிப்பான மணத்துக்குக் கீழைத்தேயப் பெயரிடும் வழக்கம் அக்கால ஐரோப்பியக் கற்பனையை உணர்த்துகிறது. மணம் ஆய்வகத்தினது, முகவரி மட்டும் இந்தியாவினது.

1992இன் 'ஏஞ்சல்' இவ்வரிசையின் முடிவில் நிற்கிறது. ஒலிவியே கிரேஸ்ப் ஆக்கிய அத்திரவியத்தில் எத்தில் மால்டோல் என்னும் செயற்கைப் பொருள் பஞ்சு மிட்டாயின் மணத்தைப் பெருமளவில் தருகிறது. திருவிழாக் கடைகளின் குழந்தைப் பருவ நினைவே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. அவ்வினிமை திகட்டாமல் தடுப்பது அதனுள் மிகுதியாக இடப்பட்ட 'பச்சூலி' எண்ணெய். மண்ணும் ஈரக்கட்டையும் போன்று கமழும் அந்த எண்ணெய் இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அதன் ஐரோப்பியப் பெயரை அகராதிகள் தமிழ்ச் சொல்லோடு இணைக்கின்றன; பச்சிலை என்ற சொல்லின் சாயல் அதில் தெளிவு. ஓமாலிகைப் பட்டியலின் பச்சிலையும் இச்செடியும் ஒன்றே எனத் துணிதல் கூடாது. ஆயினும் இனிமைக்கு ஒரு துவர்த்த துணை வேண்டும் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றே.

முடிவுரை

இனிய மணத்தின் மீது மனிதர் கொள்ளும் விருப்பம் பழையது. அவ்விருப்பத்துக்கு இனிப்பின் பெயரைத் தந்தது ஒவ்வொரு சமூகத்தின் உணவும் மருந்தும் வணிகமும் ஆகும். ஹாலே நகரில் இம்மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன: உப்புக் கிணறு, பொன் கலந்த இனிய சாரம், கிழங்குச் சர்க்கரைச் சமவெளி, சாக்லேட் ஆலை. அந்நகரின் மணங்களுக்கு மூலப்பொருளை ஈந்தது இந்துமாக்கடல். அக்கடலோரத்தில் தமிழர் மணத்தைப் பற்றிக் கொண்டிருந்த நுண்ணறிவோ ஹாலேயை எட்டியும் பேழையைக் கடந்து செல்லவில்லை.

தமிழியல் ஆய்வு ஹாலே ஆவணங்களை இதுவரை பெரும்பாலும் இலக்கணம், அச்சு, சமயம் ஆகியவற்றுக்காகவே நாடியுள்ளது. மருத்துவக் குறிப்புகளும் மருந்து அனுப்பகத்தின் கணக்குகளும் தமிழ் மடல்களும் புலன்களின் வரலாற்றுக்காக மீண்டும் படிக்கப்படல் வேண்டும். அப்படிப்பில் தமிழ் உரையாசிரியர்களின் மணப்பொருள் பட்டியல்கள் வெறும் சொல்விளக்கமாக அன்றி ஆய்வுக் கருவியாகவே பயன்படும். இனிமையும் மணமும் எங்கே ஒன்றுபட்டன என்று ஐரோப்பிய வரலாறு தேடும் இடத்தில், தமிழ் அகராதி 'தேம்' என்ற ஒரே சொல்லை முன்வைக்கிறது. அதை ஹாலே ஆவணங்களுக்கு அருகில் வைத்துப் படிப்பது தமிழியல் செய்ய வேண்டிய பணி.